மூன்றாம் நாளுக்கு அப்புறம்

கங்கைகொண்ட சோழபுரம்
பங்குனி 18

பேத்தி சிந்துவுக்கு உன் அம்மாயி பஞ்சவர்ணம் எழுதுவது. இங்கே நானும் மாடும் உசிரோடு இருக்கிறோம். இடுப்பு வலி அப்படியே இருக்கிறது, அது என்னோடுதான் போகும். அங்கே நீ, உன் அம்மா அம்பிகா, மாப்பிள்ளை எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. போன் போடாதே. போன வாரம் உன் அம்மா பேசினாளாம். பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள் போனை என் காதில் வைத்தாள். தகர டப்பாவுக்குள் வண்டு சுற்றுகிற மாதிரி இருந்தது. காது போனவளுக்குக் காகிதம்தான்.

உன் நிச்சயதார்த்தத்துக்கு வர முடியவில்லை. ஜெயங்கொண்டத்தில் ஒரு பஸ், அரியலூரில் ஒரு பஸ் என்று ஏறி இறங்க இந்த இடுப்பு விடாது. கார் அனுப்புகிறேன் என்று உன் அப்பா சொல்லியிருந்தார். அனுப்பவில்லை. அதை நான் மறக்கவில்லை என்று அவரிடம் சொல்.

பச்சையம்மாள் மகன் செந்தில்குமார் போனில் படமெல்லாம் காட்டினான். பிரேம் நல்ல லட்சணமாக இருக்கிறான். அவன் அம்மா வளர்மதி ஒரு படத்தில்கூடச் சிரிக்கவில்லை, அதையும் பார்த்தேன். உன் இடது கண் தூங்கி வழிகிற மாதிரி இருக்கிறது. கண் மை வால் கீழே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. வேர்வையில் கலைந்திருக்கும் என்று நினைத்தேன். மோதிரம் போடுகிற படத்திலும் அப்படியே, சாப்பிடுகிற படத்திலும் அப்படியே. கலைந்த மை எல்லாப் படத்திலும் ஒரே இடத்திலா கலையும்? கண்ணில் என்ன செய்துகொண்டாய், மறைக்காமல் எழுது.

வேளைக்குச் சாப்பிடு.

அம்மாயி


பெரம்பலூர்
6-4-2024

அன்புள்ள அம்மாயி,

எல்லோரும் சௌக்கியம். உன் இடுப்புக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், செந்தில் அண்ணன் வண்டி வரும்போது குடுத்தனுப்புகிறேன். அப்பாவிடம் கார் விஷயம் சொன்னேன். "இன்னும் இருபது வருஷத்துக்கு இதைச் சொல்லும் உங்க அம்மாயி" என்றார்.

உன் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது. அது கலைந்த மை இல்லை. நிரந்தர ஐலைனர். மெல்லிய ஊசியால் இமை ஓரத்தில் மையை ஏற்றிவிடுவார்கள். குளித்தாலும் போகாது, அழுதாலும் போகாது. பச்சை குத்துகிற மாதிரிதான், ஆனால் கண்ணில். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று பிரேம் அம்மா, "பொண்ணு நல்ல களைதான், கண்ணுதான் கொஞ்சம் சின்னது" என்று சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்புறம் போய்க் குத்திக்கொண்டேன்.

வலது பக்கம் சரியாக வந்தது. இடது பக்கம் மை தோலுக்குள் கசிந்து, வால் கன்னத்தை நோக்கி இறங்கிவிட்டது. ஓரம் நீலமாகத் தெரிகிறது. நிச்சயதார்த்தத்தில் பிரேம் அம்மா என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டு கண்ணும் ரெண்டு ஊரு பாக்குது. ஆவணிக்குள்ள சரி பண்ணிடுங்க, கல்யாண போட்டோ காலத்துக்கும் நிக்கும்" என்றார்கள். பிரேம் போட்டோக்காரர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நீ கோபப்படக் கூடாது. செய்தது நர்மதா அக்கா. பூலாம்பாடி வைரக்கண்ணு ஆயா பேத்தி. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பார்லர் வைத்திருக்கிறார்கள். சொந்தக்காரி என்றுதான் போனேன். அவர்களும் அழுதுவிட்டார்கள்.

உன் பக்கத்தில் படுத்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது. நீ எப்போதும் இடது கையில் முந்தானை நுனியைச் சுருட்டிப் பிடித்தே இருப்பாய். சின்ன வயதில் நான் எவ்வளவு இழுத்தும் ஒரு நாள்கூட விட்டதில்லை.

உன் சிந்து


கங்கைகொண்ட சோழபுரம்
சித்திரை 1

சிந்துவுக்கு அம்மாயி எழுதுவது. வருஷப் பிறப்பும் அதுவுமாக உன் கடிதத்தைப் படித்தேன். சுகம் விசாரிக்க மனசில்லை, இருந்தாலும் சுகமாக இரு.

பெரம்பலூரில் வேறு பார்லரே இல்லையா? வைரக்கண்ணு யார் என்று உன் அம்மா உனக்குச் சொல்லியிருக்கமாட்டாள். நான் சொல்கிறேன். உன் தாத்தாவின் தங்கை. என் நாத்தனார்.

கல்யாணத்துக்கு முன்னால் என் இடது முன்கையில் பச்சை குத்தியிருந்தது. என் மாமன் மகன் பஞ்சநாதனுக்குத்தான் என்னைக் கொடுப்பதாகப் பேச்சு. கோயில் திருவிழாவில் அவன் பேரைக் குத்திக்கொண்டேன். அப்புறம் என் அப்பாவுக்கும் மாமனுக்கும் வாய்க்கால் தகராறு வந்தது. என்னைக் கொண்டுவந்து இங்கே கட்டிக் கொடுத்தார்கள். கல்யாண வீட்டில் என் மாமியார் கையைப் பார்த்துவிட்டு, "இது என்னாடி எழுத்து?" என்றாள். "என் பேரு" என்றேன். பஞ்சவர்ணம், பஞ்சநாதன், முன்பாதி ஒன்றுதானே. அந்த வீட்டில் யாருக்கும் எழுத்து தெரியாது. தெரிந்தவள் வைரக்கண்ணு ஒருத்திதான், ஐந்தாவது வரை போனவள்.

பந்தி நடந்துகொண்டிருந்தது. என் கையைத் தூக்கிப் பிடித்து எழுத்துக் கூட்டினாள். "ப, ஞ், ச." அதோடு நிறுத்தியிருக்கலாம். "நா, த, ன்" என்று கடைசி எழுத்து வரைக்கும் சத்தமாகப் படித்தாள். இலையில் கை வைத்தவர்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

மறுநாள் முந்திரிக்கொட்டை ஓட்டைச் சுட்டு எண்ணெய் எடுத்தார்கள். "பஞ்ச இருக்கட்டும், மத்ததை அழி" என்றாள் மாமியார். வைரக்கண்ணுதான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தடவினாள். மூன்றாம் நாள் வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வந்துவிட்டது. அவள் பார்க்க அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். "வலிக்குதா?" என்றாள். "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கு" என்றேன்.

நாற்பது வயதில் ஊருக்கு அறிவொளி வகுப்பு வந்தபோது முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். இனி என் எழுத்தை எவளும் எனக்குப் படித்துக் காட்டக் கூடாது என்றுதான்.

அவள் பேத்தி இப்போது உன் கண்ணில் எழுதியிருக்கிறாள். அந்த வூட்டுக்காரிகளுக்கு ஒழுங்காக எழுதத் தெரியாது, அடுத்தவள் எழுத்தை அழிக்கத்தான் தெரியும். இனி அவளைத் தொடவிடாதே.

அம்மாயி


பெரம்பலூர்
24-4-2024

அன்புள்ள அம்மாயி,

நலம். தைலம் வந்து சேர்ந்ததா? உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் நீ இதைச் சொன்னதில்லை.

நீ திட்டினாலும் சரி, நர்மதா அக்காவோடு திருச்சிக்குப் போய்க் கண் டாக்டரைப் பார்த்தேன். பெரிய டாக்டரம்மா. முதலில் அக்காவைத்தான் கேட்டார்கள், "இதுக்கு மேல கலர் ஏத்தினீங்களா?" என்று. இல்லை என்றதும், "நல்ல வேளை" என்றார்கள். தோல் நிறத்து மையை மேலே ஏற்றி மறைத்தால், பின்னால் லேசர் வைக்கும்போது அந்த மை கறுத்துப் போகுமாம்.

குத்தின இடம் முழுசாக ஆறும் வரை எதுவும் செய்யக் கூடாது. தேய்க்கக் கூடாது, சுரண்டக் கூடாது, கடையில் விற்கிற அழிக்கிற மருந்து எதையும் கிட்டே கொண்டுபோகக் கூடாது. ஆறின பிறகு லேசர். அதுவும் கண் டாக்டர்கள் இருக்கிற இடத்தில்தான். மரத்துப்போகிற சொட்டு மருந்து விட்டு, இமைக்கு அடியில் கண்ணை மூடுகிற மாதிரி உலோகத்தில் ஒரு சின்னக் கிண்ணம் வைப்பார்களாம். அது இல்லாமல் எவன் லேசரைத் தூக்கினாலும் எழுந்து ஓடிவந்துவிடு என்றார்கள். ஒரே தடவையில் போகாது. இடைவெளி விட்டு நாலைந்து தடவை. "அடுத்த வருஷம் இந்நேரம் பாரு, தெரியவே தெரியாது" என்றார்கள்.

அடுத்த வருஷம். கல்யாணம் ஆவணியில்.

"கல்யாணத்தன்னிக்கு மேக்கப் போட்டு மறைச்சு விடுறேன், பொறு" என்கிறார்கள் அக்கா. பிரேம் அம்மா போன வாரமும் வந்து பார்த்தார்கள். வாசலில் நின்று அம்மாவிடம் ஏதோ பேசிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்கள்.

அப்புறம், இப்போது நம் கொல்லையில் முந்திரிப் பருவம்தானே? பச்சைக் கொட்டை கொஞ்சம் செந்தில் அண்ணனிடம் குடுத்தனுப்பு. பருப்பாக வேண்டாம், ஓட்டோடு வேண்டும். அம்மா குழம்பு வைக்கக் கேட்டார்கள். நாங்களே உடைத்துக்கொள்கிறோம்.

உன் சிந்து


கங்கைகொண்ட சோழபுரம்
சித்திரை 20

சிந்துவுக்கு அம்மாயி. தைலம் வந்தது, நாற்றம் தாங்கவில்லை, வலி தேவலை. எல்லோரும் நன்றாக இருங்கள்.

ஒரு வருஷம் ஆகும் என்று சொல்ல ஒரு டாக்டர், அதைக் கேட்கத் திருச்சி வரைக்கும் பஸ். நல்ல கூத்து.

கொட்டை கேட்டிருந்தாய். பெரிய மரத்துக் கொட்டையாகப் பொறுக்கிப் பையில் கட்டி செந்தில்குமாரிடம் கொடுத்திருக்கிறேன். உடைக்கும்போது கையில் சாம்பல் பூசிக்கொள்ளச் சொல், ஓட்டில் இருக்கிற பால் பட்டால் தோல் வெந்துபோகும். உன் அம்மாவுக்குத் தெரியாததா என்று எழுதலாம் என்றால், அம்பிகா பிறந்ததிலிருந்து ஒரு கொட்டை உடைத்ததில்லை. நகம் கறுத்துவிடும் என்று ஓடுகிறவள். இப்போது குழம்புக்கு உடைக்கப் போகிறாளாம்.

எனக்கென்ன. கேட்டாய், கொடுத்தனுப்புகிறேன்.

அம்மாயி


கங்கைகொண்ட சோழபுரம்
வைகாசி 10

சிந்து, எல்லோரும் சுகம்தானே? கொட்டை வந்ததா, வரவில்லையா? ஒரு வரி எழுதக் கையில்லையா? கல்யாணம் நிச்சயமானதும் கிழவி வேண்டாதவள் ஆகிவிட்டேன். உன் அம்மாவும் இப்படித்தான், கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு தீபாவளி முழுக்க எட்டிப் பார்க்கவில்லை.

பதில் போடு.

அம்மாயி


கங்கைகொண்ட சோழபுரம்
வைகாசி 25

சிந்துவுக்கு. நேற்று உன் அம்மா போன் செய்தாளாம். பச்சையம்மாள் முற்றத்தில் நின்று வெகுநேரம் பேசினாள். என்னடி என்றேன். "எல்லாரும் நல்லாருக்காங்களாம்" என்று என் காதுக்குள் கத்தினாள். கத்தும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செந்தில்குமாரும் இந்தப் பக்கம் வருவதில்லை. எனக்குக் காதுதான் போயிருக்கிறது.

நீ உன் கையால் ஒரு வரி எழுது. கோபமாக இருந்தாலும் எழுது.

அம்மாயி


பெரம்பலூர்
20-6-2024

மரியாதைக்குரிய அம்மாயி அவர்களுக்கு,

வணக்கம். நான் நர்மதா. உங்களை என்ன முறை சொல்லி எழுதுவது என்று அப்பத்தாவிடம் கேட்டேன். "அம்மாயின்னே எழுது, கிழிச்சுப் போட்டாலும் போடுவா" என்று சொன்னது. உங்கள் உடம்பு நலமாக இருக்க வேண்டும்.

உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று அம்பிகா அத்தை எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். உங்கள் கடிதங்களைப் பிரிக்காமல் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். நேற்று சிந்து கேட்டு வாங்கினாள். உங்கள் பழைய கடிதத்தையும் சேர்த்து நான்தான் படித்துக் காட்டினேன். அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

சித்திரைக் கடைசியில் ஒரு மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாதபோது, சிந்து முந்திரிக்கொட்டை ஓட்டைச் சுட்டு எண்ணெய் எடுத்து, இடது கண்ணின் கோட்டு வாலில் மட்டும் பஞ்சுக்குச்சியால் தடவியிருக்கிறாள். இமையில் படாமல் ஒரு விரல் தள்ளித்தான் வைத்தாளாம். எரிச்சலில் கண்ணீர் வந்திருக்கிறது. துடைத்திருக்கிறாள். எண்ணெய் கண்ணீரோடு கலந்து உள்ளே போய்விட்டது.

சாயந்திரம் இமை வீங்கி மூடிக்கொண்டது. குளவி கொட்டிவிட்டது என்று அத்தையிடம் சொல்லிவிட்டு, முகத்தைத் துண்டால் மூடிப் படுத்திருக்கிறாள். மறுநாளும் படுத்திருக்கிறாள். அதற்கும் மறுநாள் நான் எதேச்சையாகப் போனேன். துண்டை எடுத்துப் பார்த்தேன். குழாயடியில் உட்காரவைத்துக் கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தேன், அப்படியே வண்டி பிடித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனோம். "பட்ட நிமிஷமே தண்ணி விட்டுக் கழுவிட்டு வந்திருந்தா முழுக் கண்ணையும் காப்பாத்தியிருக்கலாம். ஏம்மா வரலை?" என்று டாக்டரம்மா கேட்டார்கள். மூன்றாம் நாளுக்காகக் காத்திருந்தேன் என்றாள். அவர்களுக்குப் புரியவில்லை. எனக்கும் அப்போது புரியவில்லை.

கருவிழியில் வெள்ளையாகத் தழும்பு விழுந்துவிட்டது. ஆள் நிற்பது நிழலாகத் தெரிகிறது, முகம் தெரியவில்லை. இமைத் தோல் சுருங்கிக் கண் முழுசாக மூடவில்லை, அதற்கு ஒரு ஆபரேஷன் ஆயிற்று. வலது கண்ணுக்கு ஒன்றுமில்லை. ஒற்றைக் கண்ணால் படித்தால் தலைவலிக்கிறது என்பதால் நான் போய்ப் படித்துக் காட்டுகிறேன்.

முதல் தப்பு என்னுடையது. பத்து நாள் பயிற்சியை நம்பி ஒரு பெண்ணின் கண்ணில் ஊசி வைத்தேன். அந்த வேலையை விட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
நர்மதா


கங்கைகொண்ட சோழபுரம்
ஆனி 14

நர்மதாவுக்கு. நீ விசாரித்த என் உடம்பு இருக்கிறது. கிழித்துப் போடவில்லை என்று உன் அப்பத்தாவிடம் சொல்.

எல்லாவற்றுக்கும் நீதான் காரணம். நீ குத்தாமல் இருந்திருந்தால் அவள் எதையும் தடவியிருக்கமாட்டாள். உங்கள் வூட்டுக் கை பட்டது எது உருப்பட்டிருக்கிறது? என் கை, இப்போது என் பேத்தி கண். என் மாமியார் செத்த அன்றும் வைரக்கண்ணு பந்தலில் என்னைத் தாண்டிப் போய்த்தான் உட்கார்ந்தாள். நான் எதையும் விட்டுவிடுகிறவள் இல்லை.

கண் இன்னும் தெளியுமா, தெளியாதா? அதை மட்டும் எழுது. வேறு எதுவும் எழுதாதே.

பஞ்சவர்ணம்


பெரம்பலூர்
26-7-2024

அம்மாயிக்கு, சிந்து. நான் சொல்லச் சொல்ல அக்கா எழுதுகிறார்கள். எழுதமாட்டேன் என்றார்கள். அப்படியானால் நானே கிறுக்கி அனுப்புவேன் என்று சொன்ன பிறகு எழுதுகிறார்கள்.

நீ நன்றாக இருக்கிறாயா? நான் இருக்கிறேன்.

அம்மா என்னைத் திட்டுவதை நிறுத்தவில்லை. நான்தான் ஏதோ தப்பாகச் செய்துவிட்டேன். உனக்கு மூன்றே நாளில் உரிந்து வந்ததே. எண்ணெயைச் சூடாகத் தடவினார்களா, ஆறவைத்தா? ஓட்டை எவ்வளவு நேரம் சுட்டார்கள்? எனக்கு அது தெரிய வேண்டும். இடது பக்கம் தோல் சுருங்கி, கோடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. வலது பக்கம் மட்டும் அழகாக வால் நிற்கிறது. கண்ணாடியில் அதைப் பார்க்கவே முடியவில்லை. "எல்லாம் சரியாகட்டும், அப்புறம் பேசலாம்" என்று பிரேம் அம்மா சொல்லிவிட்டார்கள். ஆவணியில் கல்யாணம் இல்லை. இந்தத் தடவை கண்ணைப் பஞ்சு வைத்துக் கட்டிக்கொண்டு, நீ சொல்கிற மாதிரியே செய்வேன். கொட்டை இன்னும் மிச்சம் இருக்கிறது. எப்படிச் செய்தார்கள் என்று மட்டும் எழுது.

சிந்து

அம்மாயி, இதற்குக் கீழே நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது. இடது கண் தெளியாது. அது முடிந்துபோனது. இப்போது கேள்வி வலது கண். மிச்சக் கொட்டையை எங்கே வைத்திருக்கிறாள் என்று தேடிப் பார்த்துவிட்டோம், கிடைக்கவில்லை. டாக்டரம்மா சொன்னார்கள், நான் சொன்னேன், அத்தை அவள் காலில் விழாத குறை. யார் என்ன சொன்னாலும், "அம்மாயி கையில மூணு நாள்ல போச்சு" என்று ஒரே பேச்சு. உங்கள் எழுத்தைத் தவிர அவள் எதையும் நம்பமாட்டாள்.

அப்பத்தாவிடம் போய்க் கேட்டேன். வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தது. அப்புறம், "தடவுனது நான்தான். மூணாம் நாளுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியும். அவ ராத்திரி முனகுனதை நான் சுவத்துக்கு இந்தப் பக்கம் படுத்துக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ஆனா நான் சொன்னா அந்தப் புள்ள நம்பாது. அவளே எழுதட்டும்" என்று சொன்னது.

எழுதுங்கள் அம்மாயி. உங்கள் கடிதத்தை நான்தான் படித்துக் காட்டுவேன். அதற்காக எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.

நர்மதா


கங்கைகொண்ட சோழபுரம்
ஆடி 20

என் பேத்தி சிந்துவுக்கு அம்மாயி எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேனா என்று கேட்டிருந்தாய். இல்லை.

எண்ணெயைச் சூடாகத் தடவினாலும் ஒன்றுதான், ஆறவைத்துத் தடவினாலும் ஒன்றுதான். நீ எதையும் தப்பாகச் செய்யவில்லை. என் கைக்குச் செய்ததைத்தான் உனக்கும் செய்துகொண்டாய். மூன்றாம் நாள் தோல் உரிந்தது, அது நிஜம். நான் அதோடு நிறுத்திவிட்டேன். மீதியை எழுதுகிறேன்.

நாலாம் நாள் நீர் கட்டியது. அப்புறம் சீழ் பிடித்தது. காய்ச்சலில் என்னை மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து அறையில் போட்டிருந்தார்கள். நாற்றத்துக்கு யாரும் கிட்டே வரவில்லை. துணி ஒட்டிக்கொள்ளும், பிய்த்து எடுத்தால் சதையோடு வரும். அந்த அறுப்புக்கு நான் அரிவாள் பிடிக்கவில்லை. புதுப் பெண் வேலைக்குச் சாக்குச் சொல்கிறாள் என்று பேசினார்கள். புண் ஆறி முடியும்போது மழைக்காலம் வந்துவிட்டது. ஆறும்போது தோல் இழுத்துக்கொண்டது. என் இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் அன்றிலிருந்து நிமிரவில்லை. சாப்பாட்டுத் தட்டைக்கூட உள்ளங்கையில்தான் ஏந்துவேன். முந்தானை நுனியை ஒரு நாளும் விட்டதில்லை என்று எழுதியிருந்தாயே, அது இதற்குத்தான். மடங்கின விரலுக்கு ஏதாவது ஒன்று பிடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் கேள். எழுத்து போகவில்லை. மேல்தோல்தான் போனது. மை தோலுக்கு அடியில் ஆழத்தில் இருக்கிறது, எண்ணெய் அங்கே போவதற்குள் தோல் செத்துவிடும். என் தழும்புக்குள் கடைசி எழுத்து "ன்" இன்னும் நீலமாக நிற்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். எல்லாம் போய்விட்டது என்று ஊரையும் உன் தாத்தாவையும் நம்பவைத்தேன். உன்னையும் நம்பவைத்தேன்.

ஏன் எழுதவில்லை என்றால், வைரக்கண்ணுவுக்குத் தெரியக் கூடாது. என்னை அழவைத்துவிட்டோம் என்ற சந்தோஷம் அவளுக்குக் கிடைக்கக் கூடாது. அன்றைக்கு எறும்பு கடித்த மாதிரி என்று சொன்னேன், பிறகு யார் கேட்டாலும் அதையே சொன்னேன். உனக்கு எழுதும்போதும் கை தானாக அதையே எழுதியது.

நீ கொட்டை கேட்டபோது எனக்குப் புரிந்தது. அம்பிகா உடைக்கமாட்டாள் என்று தெரியும். தெரிந்தும் பெரிய கொட்டையாகப் பொறுக்கினேன். வைரக்கண்ணு பேத்தி எழுதினதை அதே எண்ணெய் அழிக்கட்டும் என்று நினைத்தேன். உன் கண்ணை நினைக்கவில்லை.

மிச்சக் கொட்டையை நர்மதாவிடம் கொடு. அடுப்பில் போடாதே, புகையும் கண்ணுக்கு ஆகாது. குழி தோண்டிப் புதைக்கச் சொல். டாக்டரம்மா எப்போது வரச் சொல்கிறார்களோ அப்போது நர்மதாவோடு போ. கண்ணுக்குள் கிண்ணம் வைக்கிறார்களா என்று அவளைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல். ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ ஆகட்டும். அதுவரை அந்தக் கோடு அங்கேயே இருக்கட்டும், அது ஒன்றும் செய்யாது. வளர்மதிக்குப் பிடிக்காவிட்டால் அவள் மகனை அவளே வைத்துக்கொள்ளட்டும்.

நர்மதா, இதை நீதான் படித்துக்கொண்டிருப்பாய். நடுவில் எங்காவது விட்டுவிட்டுப் படிக்கலாம் என்று உனக்குத் தோன்றும். விடாதே. உன் அப்பத்தா என் கையைக் கடைசி எழுத்து வரைக்கும் சத்தமாகப் படித்தாள். நீயும் அப்படியே படி. அவளை நான் மன்னிக்கவில்லை. அது வேறு கணக்கு, இதில் சேர்த்துக்கொள்ளாதே.

பஞ்சவர்ணம்


பெரம்பலூர்
25-8-2024

அம்மாயி,

இது என் கையெழுத்துதான். வரி கோணலாக இருக்கும்.

அக்கா விடாமல் படித்தார்கள். இரண்டு இடத்தில் நின்று, தண்ணீர் குடித்துவிட்டுப் படித்தார்கள். கொட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அரிசி டிரம்முக்கு அடியில் இருந்தது. பார்லருக்குப் பின்னால் புதைத்துவிட்டார்கள். தை மாதம் திருச்சிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், அக்கா கூட வருவார்கள். பிரேம் வீட்டில் வேறு இடம் பார்க்கிறார்களாம்.

நேற்றுத்தான் எனக்குக் குறித்திருந்த முகூர்த்த நாள். அம்மா காலையிலேயே கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார்கள். நான் முகத்தில் போட்டிருந்த துண்டை எடுத்துவிட்டுக் கண்ணாடி பார்த்தேன்.

உன்னைச் சுகம் கேட்டு எழுத வரவில்லை. ரெண்டு விரல் மடங்கின கையை நினைத்தால் அழுகை வருகிறது, இடது கண்ணில் அழக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

இதை நீ சித்திரையிலேயே எழுதியிருக்கலாம்.

சிந்து